பிள்ளையார்பாளையத்து வைண்டிங் கடை

அந்தத் தொண்டு நிறுவனத்து மேடம் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று நான் அவரிடம் கொஞ்சம் வெடுக்கென்றுதான் பேசினேன். அவருக்கு முன்பும் பலர் வந்திருக்கிறார்கள். ஒருவர் தையல் சொல்லிக்கொடுத்தார். இன்னொருவர் பினாயில் கலக்கச் சொல்லிக்கொடுத்தார். எங்கள் தெருவில் மட்டும் அப்போது ஏழு தையல் மெஷின் இருந்தது. தைக்கக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. பினாயில் பாட்டில்களை நாங்களே வாங்கி நாங்களே கழுவித் தீர்த்தோம்.

அந்த நேரத்தில் எங்கள் வீட்டு நிலைமை சரியில்லை. என் கணவர் கூலிக்குப் பட்டுப் புடவை நெய்தவர். வாலாஜாபாத்திலிருந்து பைக்கில் வரும்போது ஒரு வேன் இடித்து வலது முட்டி நொறுங்கிவிட்டது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். நடக்கலாம், ஆனால் குழித்தறியில் உட்கார்ந்து நாள் முழுக்க மிதிக்க அந்தக் கால் ஒத்துழைக்கவில்லை. நான் மற்ற தறிக்காரர்களுக்கு ராட்டையில் தார் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சாயம் போட்ட பட்டு நூலைச் சின்னக் குழலில் சுற்றிக் கொடுத்தால் அதைத் தறியில் குறுக்கே ஓடும் நாடாவில் வைத்து நெய்வார்கள். காலையில் உட்கார்ந்தால் மதியம் வரை கை நிற்காது. அதில் வருவது காய்கறிக்கு ஆகும், அவ்வளவுதான்.

எங்களைப் போன்ற வீடுகளுக்கு அந்த நிறுவனம் மாதம் ஒரு மளிகைப் பை அனுப்பியது. அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு. நன்றி இல்லாமல் சொல்லவில்லை, அந்தப் பை இல்லாவிட்டால் அந்தக் காலத்தை நாங்கள் தாண்டியிருக்க மாட்டோம். ஆனால் பை வந்த உடனே என் மகள் எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்துவாள். அதற்குப் பிறகுதான் பையைப் பிரிப்போம். அவள் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். கதவை ஏன் சாத்துகிறாய் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அதனால்தான் மேடம் வந்து உட்கார்ந்து, "தையல் கத்துக்கிறீங்களாம்மா?" என்றபோது எனக்குக் கோபம் வந்தது.

"இந்தத் தெருவுல ஏழு மெஷின் இருக்குது மேடம். எட்டாவதா நான் ஒண்ணு வச்சி யாருக்குத் தைக்கிறது?"

அவர் முகம் மாறவில்லை. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், ஐம்பத்தைந்து அறுபது வயதிருக்கும். நாற்காலி போட்டும் உட்காராமல் என் ராட்டைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"சரி, தையல் வேணாம். உங்க தெருவுக்கு இன்னா இல்லன்னு சொல்லுங்க."

அப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை. எங்கள் வீட்டுச் சீலிங் பேன் காயில் எரிந்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் ஒன்பது நாளாகக் கிடந்தது. வெயில் காலம். எனக்கு வாயில் வந்ததும் அதுதான்.

"வைண்டிங் பண்ண ஆள் இல்ல. வீட்டுக்கு ரெண்டு பேன், ஒரு தண்ணி மோட்டார், மிக்ஸி எல்லாம் இருக்குது. எரிஞ்சிதுன்னா டவுனுக்குத் தூக்கிக்கினு போவணும். இன்னைக்கு வா, நாளைக்கு வான்னு ஓட்டுறாங்க."

"அத நீங்க கத்துக்கிறீங்களா?"

நான் சிரித்துவிட்டேன். உள்ளேயிருந்து என் கணவர், "அதெல்லாம் ஆம்பளைங்க செய்ற வேலை மேடம்" என்றார்.

மேடம் என் பக்கம் திரும்பினார். ராட்டையைப் பார்த்தார். "சுத்தும்போது இழை அறுந்தா எப்படித் தெரியும்?"

"கைக்குத் தெரியும் மேடம். பாக்கவே வேணாம்."

அவர் தலையாட்டிவிட்டு எழுந்து போனார். பத்து நாள் கழித்து போன் வந்தது. வைண்டிங் வகுப்புக்கு வாலாஜாபாத்தில் ஒரு ஷெட் கிடைத்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிடுங்கள் என்றார்.

முதல் ஞாயிறு பதினோரு பெண்கள் வந்திருந்தோம். நான்காவது ஞாயிறு மூன்று பேர் மிஞ்சினோம். நான் ஒருத்தி. இரண்டாவது, வாலாஜாபாத் அரிசி ஆலையில் களத்தில் நெல் காயவைத்து மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அக்கா. சர்ச்சுக்குப் போய்விட்டு நேராக வகுப்புக்கு வருவார். ஐம்பது வயதிலும் ஒரு மோட்டாரைத் தனியாகத் தூக்கி மேஜைமேல் வைப்பார். மூன்றாவது, காஞ்சிபுரத்திலேயே பிறந்து வளர்ந்த ஒரு முஸ்லிம் பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவள், கணவன் விட்டுப் போய் இரண்டு பிள்ளைகளோடு அப்பா வீட்டில் இருந்தாள். அவள் அப்பா பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர். நாங்கள் அவளைத் தங்கச்சி என்போம்.

சொல்லிக்கொடுக்க வந்தவளுக்கு இருபத்து நான்கு வயது. பாலிடெக்னிக் படித்துவிட்டு ஒரகடம் பக்கம் மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஞாயிறு அவளுக்கு லீவு. அந்த லீவைத்தான் எங்களுக்குக் கொடுத்தாள். எங்களை அக்கா என்பாள், ஆனால் ஒரு சுற்று தப்பினாலும் விடமாட்டாள்.

பேனில் இரண்டு வரிசைக் காயில் இருக்கும். எரிந்த கம்பியை வெட்டியெடுத்து, கம்பி இருந்த பள்ளங்களைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மின்சாரம் கசியாமல் இருக்கப் புதிதாகக் காகிதம் வைத்து, தலைமுடிபோல மெல்லிய செம்புக்கம்பியை எண்ணி எண்ணிச் சுற்ற வேண்டும். கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கும். நகம் பட்டு அது உரிந்தால் போச்சு. மற்ற பெண்கள் கம்பி அறுகிறது என்று அலுத்துப்போனதே இந்த இடத்தில்தான். எனக்கு அது பழைய வேலை மாதிரியே இருந்தது. பட்டைவிடச் செம்பு பொறுமைசாலி. கொஞ்சம் இழுத்தால் தாங்கும். என் விரல்கள் அதைப் புரிந்துகொண்டதை நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படியும் நான் முதலில் சுற்றிய பேனைச் சுவிட்சு போட்டதும் புகை வந்தது. அரிசி ஆலை அக்கா ஓடிப்போய் மெயினை அணைத்தார். எனக்கு அழுகை முட்டியது. சொல்லிக்கொடுக்கும் பெண் மூக்கைச் சுருக்கி முகர்ந்து பார்த்தாள்.

"நல்லதாப் போச்சுக்கா. எரியிற வாசனை இன்னான்னு இப்ப தெரிஞ்சிது இல்ல. ஆயுசுக்கும் மறக்காது. கட் பண்ணிட்டு மறுபடி சுத்துங்க."

நான்கு முறை சுற்றினேன். ஐந்தாவது முறை பேன் சத்தமில்லாமல் சுழன்றது. அதன் கீழே மூன்று பேரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றோம். நல்ல காற்று.

ஐந்து மாதம் கழித்துப் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு முனையில் ஒரு சின்ன இடம் பிடித்துக்கொடுத்தார்கள். கைப்பிடி வைத்த வைண்டிங் மெஷின் ஒன்று, சோதனை விளக்கு, ஸ்பேனர் செட், வார்னிஷ், கம்பி இவ்வளவும் நிறுவனம் கொடுத்தது. மேடம் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"ஆறு மாசம் வாடகை எங்களோடது. மளிகையும் அதுவரைக்கும் வரும். ஏழாவது மாசம் ரெண்டும் நின்னுடும். அதுக்கப்புறம் நாங்க வந்தா டீ குடிக்கத்தான் வருவோம்."

எனக்கு அது பிடித்திருந்தது. பயமாகவும் இருந்தது.

பயப்பட்டதுபோலவே முதல் மாதம் போயிற்று. ஆட்கள் எரிந்த பேனைத் தோளில் வைத்துக்கொண்டு வருவார்கள். வாசலில் நின்று எங்கள் மூவரையும் பார்ப்பார்கள். எங்களுக்குப் பின்னால் சுவரையும் பார்ப்பார்கள். "மெக்கானிக் எப்ப வருவாரு?" என்பார்கள். "நாங்கதான்" என்றால், "இல்லமா, அவசரமில்ல, அப்புறம் வரேன்" என்று பேனோடு டவுன் பக்கம் நடப்பார்கள். என் கணவர் கடைப்பக்கமே வரவில்லை. "ஊர்ல கேட்டா நான் இன்னா சொல்றது?" என்று மட்டும் ஒரு நாள் கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

முதலில் துணிந்தவர் அடுத்த தெருத் தறிக்காரர் ஒருவர். அவருக்கும் வேறு வழியில்லை, வேர்வை பட்டால் புடவை கெட்டுவிடும், முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய புடவை தறியில் இருந்தது. காலையில் கொடுத்த பேனை மறுநாள் காலையில் நாங்களே கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தோம். அவர் நெய்துகொண்டே மேலே பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "ஆடாம சுத்துதே" என்றார். அந்த வாரம் அவர் சொல்லி மூன்று பேன் வந்தது.

இடையில் ஒரு பெரிய கண்டத்திலிருந்தும் தப்பினோம். கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வெளியூர் ஆள் ஒருவரிடம் நான் கம்பிச் சுருள் வாங்கிவிட்டேன். பார்வைக்குப் பளபளவென்று இருந்தது. தங்கச்சி அதைக் கையில் வாங்கினாள், எடை பார்ப்பதுபோலத் தூக்கித் தூக்கி வைத்தாள், பிளேடால் ஒரு முனையைச் சுரண்டினாள். உள்ளே வெள்ளை.

"அலுமினியம்க்கா. மேல செம்புத் தண்ணி காட்டிருக்கான். நான் காயலாங்கடையில வளந்தவ, என்கிட்ட ஆவுமா?"

அன்றிலிருந்து கம்பி வாங்குவது அவள் பொறுப்பு. அவள் சுரண்டிப் பார்க்காமல் எதுவும் கடைக்குள் வருவதில்லை.

நான்காவது மாதம் தென்னேரியிலிருந்து ஒருவர் போன் செய்தார். ஐந்து குதிரைசக்தி மோட்டார். மூன்று பேஸ் கரண்டில் ஒன்று போனது தெரியாமல் ஓடி எரிந்துவிட்டது. ஏரியில் தண்ணீர் இறங்கிவிட்ட நேரம், கிணற்றை நம்பி நெல் நிற்கிறது, கதிர் வரும் பருவம். டவுனில் எல்லாக் கடையிலும் பத்து நாள் என்கிறார்கள். "நீங்க செய்வீங்களாமே?" என்றார்.

ஐந்து குதிரைசக்தி மோட்டாரை நாங்கள் வகுப்பில் ஒரே ஒரு முறை சுற்றியிருந்தோம். நான் தயங்கினேன். அரிசி ஆலை அக்கா போனை என் கையிலிருந்து வாங்கி, "எடுத்துக்கினு வாங்க, மூணு நாள்ல குடுக்குறோம்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவரைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரியாது. எனக்கு அவர் வீட்டை நன்றாகத் தெரியும். நான் பிறந்தது தென்னேரிப் பக்கம்தான். எங்களுக்கு நிலம் கிடையாது. என் அப்பா அவர்கள் நிலத்தில் கூலி வேலை செய்தார். நான் சின்ன வயதில் அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு அந்த வரப்பில் போயிருக்கிறேன். அவர்கள் வீட்டு வாசலில் நின்றிருக்கிறேன். படி ஏறியதில்லை. மோட்டாரின் பெயர்த்தகட்டைத் துடைத்து எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

மூன்று நாளும் மூன்று பேரும் வேறு வேலை தொடவில்லை. பழைய காயிலை வெட்டி ஒவ்வொன்றிலும் எத்தனை சுற்று என்று எண்ணினோம். கம்பியின் தடிமனைப் பார்த்தோம். இரண்டாம் நாள் காலையில் என் கணவர் கால் தாங்கித் தாங்கிக் கடைக்கு வந்தார். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தார். பள்ளங்களில் வைக்கும் காகிதத்தை நான் கோணலாக வெட்டிக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"குடு இப்படி" என்று கத்தரியை வாங்கிக்கொண்டார். முப்பத்தாறு துண்டு. ஒரு நூல் பிசகு இல்லை. புடவையில் புட்டாப் பூ நெய்து பழகிய கண் அது. முடித்துவிட்டு, "வேற இன்னா இருக்குது?" என்றார்.

மூன்றாம் நாள் மதியம் கரண்ட் கொடுத்துப் பார்த்தோம். மோட்டார் சுழலவில்லை. உறுமியது. தங்கச்சி உடனே அணைத்துவிட்டாள். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சொல்லிக்கொடுத்த பெண்ணுக்குப் போன் செய்தேன். கம்பெனியில் டீ இடைவேளையில் எடுத்தாள்.

"உறுமுதுன்னா எங்கியோ முனை மாறியிருக்குக்கா. சுத்தினது தப்பில்ல, சேத்ததுதான் தப்பு. பதறாதீங்க. படத்தைப் போட்டு ஒவ்வொண்ணா தொட்டுக்கினே வாங்க."

நோட்டில் படம் போட்டோம். ஒவ்வொரு முனையாக விளக்கு வைத்துத் தொட்டுக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் உள்முனையும் வெளிமுனையும் இடம் மாறியிருந்தன. சேர்த்தது நான்தான். பிரித்து மாற்றி, மறுபடி சுவிட்சைப் போட்டோம். மோட்டார் மெதுவாக எழுந்து ஒரே சுருதியில் ஓடியது. அக்கா கைகூப்பி மேலே பார்த்தார். தங்கச்சி அவரைக் கட்டிக்கொண்டாள்.

வார்னிஷ் பூசிக் காயவைத்து, மறுநாள் காலையில் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு நாங்களே தென்னேரிக்குப் போனோம். கிணற்றடியில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். பெண்கள் மோட்டார் மாட்டுவதைப் பார்க்க வந்தவர்கள்தான் பாதி. அக்கா போல்ட்டு முறுக்கினார். நான் ஒயரைச் சேர்த்தேன். சுவிட்சு போட்டு நான் மனதுக்குள் முப்பது எண்ணியிருப்பேன். குழாய் இரண்டு முறை இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. அது வாய்க்காலில் விழுந்து, என் காலை நனைத்து, என் அப்பா வரப்பு அண்டை வெட்டிய அந்த வயலுக்குள் போயிற்று.

அந்த நிலத்துக்காரர் எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டார். உள்ளே நாற்காலி போட்டு, அவர் மனைவி காப்பி கொடுத்தார். அவர்கள் குடிக்கும் அதே டம்ளர். காப்பியைக் குடித்த பிறகுதான் நான் சொன்னேன்.

"எங்க அப்பா உங்க நெலத்துலதான் வேலை செஞ்சாரு." அப்பா எந்தத் தெரு, எப்படி இருப்பார் என்று அடையாளம் சொன்னேன்.

அவர் தன் டம்ளரைக் கீழே வைத்தார். "அவரு பொண்ணா நீ" என்றார். பிறகு சட்டென்று திருத்திக்கொண்டு, "நீங்க" என்றார். அந்த ஒரு சொல்லை நான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு வேலைக்குக் குறைவில்லை. தென்னேரியிலிருந்தும் வாலாஜாபாத்திலிருந்தும் மோட்டார்கள் வந்தன. ஏழாவது மாதம் வாடகையை நாங்களே கட்டினோம். மளிகைப் பை நின்றது எங்கள் வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை. மகள்தான் ஒரு நாள், "அந்தப் பை இப்பல்லாம் வர்றதில்ல இல்லமா" என்றாள். "நமக்கு எதுக்கு?" என்றேன். அவள் சிரித்தாள்.

ஒரு வருடம் ஆனபோது நிறுவனம் நன்கொடையாளர்களை அழைத்து டவுனில் ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தது. என்னைப் பேசச் சொன்னார்கள். இரண்டு நாள் முன்பு மேடம் கடைக்கு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"உங்க வீட்டுக்காரர் அடிபட்டது, சாப்பாட்டுக்குக் கஷ்டப்பட்டது, இதெல்லாம் கொஞ்சம் சொன்னீங்கன்னா கேக்குறவங்க மனசு இளகும். இன்னும் நாலு குடும்பத்துக்கு உதவி கெடைக்கும்."

நான் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தினேன். அவர்மேல் எனக்கு இருந்த மரியாதை பெரியது. ஆனாலும் மனசு வரவில்லை.

"அது வேணாம் மேடம். எங்க வீட்டுக்காரரும் பொண்ணும் அங்க வந்து உக்காந்திருப்பாங்க. அவுங்க முன்னாடி நான் அத சொல்ல மாட்டேன். வேலையப் பத்தி சொல்லச் சொல்லுங்க, எவ்ளோ நேரம் வேணாலும் சொல்றேன்."

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "நான் கேட்டிருக்கக் கூடாது" என்றார். அப்படிச் சொல்லக்கூடிய மனிதர் அவர்.

கூட்டத்துக்கு நாங்கள் எரிந்த பேன் ஒன்றை எடுத்துப்போனோம். மேடையில் வெள்ளைத் துணி விரித்த மேஜை இருந்தது. அதன்மேல் பேனை வைத்ததும் துணியில் கரி அப்பிக்கொண்டது. முன்வரிசையில் ஒருவர் முகம் சுளித்தார். நான் மைக்கில் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. பேனைத் திறந்து காட்டினேன். இது எதனால் எரிந்தது, எந்த இடத்தில் தொடங்கியிருக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்போம் என்று சொன்னேன். பிறகு உட்கார்ந்து ஒரு காயிலைச் சுற்றினேன். சுற்றி முடித்து நிமிர்ந்தபோது பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். "எங்க வீட்டு மிக்ஸி வேகம் கொறஞ்சிடுச்சும்மா. பாப்பீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். "எடுத்துக்கினு வாங்கய்யா. பிள்ளையார்பாளையம்" என்றேன். அடுத்த வாரம் அவர் நிஜமாகவே மிக்ஸியோடு வந்தார். மேடம் பின்னால் சொன்னார், அந்தக் கூட்டத்தில் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே உதவி வந்ததாம்.

இப்போது கடையில் நான்கு பேர். நான்காவது ஆள் என் கணவர். காகிதம் வெட்டுவதும் போன் எடுப்பதும் அவர். ஒரு நாள் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். நான் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது. "என் கடை இல்லபா, எங்க வீட்டம்மா கடை. நான் அங்க வேலை செய்றேன்" என்றார். குரலில் ஒரு குறையும் இல்லை. நான் சத்தம் போடாமல் மறுபடி உள்ளே போய்விட்டேன்.

போன மாதம்தான் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதினோம். அதுவரை தேவைப்படவில்லை. எழுத வந்தவர் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, மேலே 'மகளிர்' என்று போடட்டுமா, பார்க்கிறவர்களுக்குப் புதுமையாக இருக்கும் என்றார். நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அரிசி ஆலை அக்காதான் பதில் சொன்னார்.

"டவுன்ல இருக்கிற கடைங்க மேல ஆம்பளைங்கன்னு போட்டிருக்குதா?"

அவர் சிரித்துக்கொண்டே சாக்பீஸ் கோட்டை அழித்தார். மோட்டார் வைண்டிங், பேன், மிக்ஸி ரிப்பேர் என்று நீலத்தில் எழுதினார். எழுத்து காயும் முன்பே ஒருவர் தண்ணீர் மோட்டாரை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் எழுந்துபோய் ஒரு பக்கம் பிடித்தேன்.